ஒற்றைச் சிவப்புத் தையல்

கண்ணாடிக்காரருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "எங்க அண்ணன் கயித்தைக் கட்டிக்கிட்டான், அப்புறம் பொண்ணு எதுக்கு?" என்று அவருடைய தங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் சில்லு தேய்ப்பார். சாயங்காலம் வீடு திரும்பி முகம் கழுவின கையோடு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு கயிற்றோடு உட்கார்ந்துவிடுவார். ஊர் ஜனங்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டது போதாதென்று கயிற்றுக்கும் கண் வைக்கிறார் என்று கடை முதலாளிகூடக் கேலி செய்வார்.

கயிற்றுக்குக் கண் என்றால் வேறொன்றுமில்லை, முனையில் ஒரு வளையம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காக மரம் ஏறுகிற ஒரு சின்னக் கூட்டம் அந்த ஊரில் இருந்தது. பழம் பறிக்கவும் இல்லை, கிளை வெட்டவும் இல்லை, சும்மா ஏறுவார்கள். "மேல போய் என்னதான் பண்ணுவீங்க?" என்று யாராவது கேட்டால், "கீழ இறங்குவோம்" என்பார்கள். இடுப்பில் வார் கட்டி, வாரில் இரும்புக் கொக்கி மாட்டி, கொக்கியில் கயிற்றின் வளையத்தைக் கோத்துக்கொண்டுதான் ஏறுவது. முடிச்சுப் போட்டுக்கொண்டும் ஏறலாம். ஆனால் முடிச்சு தடிக்கும், கிளையிடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். கயிற்றையே கயிற்றுக்குள் செருகிப் பின்னிய வளையம் வழுவழுவென்று இருக்கும். அதைப் பின்னத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இவர் ஒருவர்தான். முழங்கால் தேய்ந்துபோய் ஏறுவதை விட்ட பிறகும் பின்னுவதை மட்டும் அவர் விடவில்லை.

பின்னுவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் கயிற்றின் முனையிலிருந்து ஒவ்வோர் இழையாகக் கத்தரித்து அதை எலிவால் மாதிரி மெலிய வைக்க வேண்டும். பிறகு முனையை வளைத்து, குழாய் ஊசியால் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே செலுத்தி, மேலே நீவி நீவி உள்ளே போகவிட வேண்டும். பாரம் விழும்போது வெளிக்கயிறு இறுகி உள்வாலைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்கப் பிடிக்கும், தொய்ந்தால்தான் வம்பு. தொய்ந்து, இறுகி, மறுபடி தொய்ந்து என்று நாலு தடவை ஆனால் வால் மெதுவாக நழுவி வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் வளையத்தின் கழுத்தில் மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பன்னிரண்டு தையல் போடுவது. இவர் எப்போதும் சிவப்பு நூலில் போடுவார். வேலை முடிந்த கயிறு எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக அவர் வைத்த வழக்கம் அது. சிவப்பு தெரிஞ்சா ஏறலாம். கூட்டத்தில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

அந்தச் சிவப்பை நம்பித்தான் தங்கையின் புருஷன் ஏறினார். விழுந்தார். அங்கேயே போய்விட்டார்.

அவர் தபால்காரர். மெலிந்த ஆள், பேச்சைவிடச் சிரிப்பு அதிகம். மாடிப்படி ஏறுவதென்றாலும் இரண்டிரண்டாகத் தாவுவார். கண்ணாடிக்காரர் இரண்டாவது மாடியில் குடியிருக்க, தங்கையும் தபால்காரரும் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. பிள்ளை இல்லாத வீடு, ஆனாலும் சத்தத்துக்குக் குறைச்சலே இல்லை. தங்கை ஒருத்தி போதுமே! காலையில் பால் பாக்கெட்டில் ஆரம்பித்து ராத்திரி கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் பேசுவாள். பேசுவாள் என்ன பேசுவாள், பொழிவாள். அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டம் வைத்தது அண்ணன்தான். "ரேடியோ, கொஞ்சம் காது கொடு" என்று அவர் கூப்பிட்டால், "எனக்கு வாய் மட்டும்தான், காது இல்ல" என்று அதற்கும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளைக்காகப் புதுக் கயிறு ஒன்றுக்குக் கண் பின்னிக்கொண்டிருந்தார். வாலைச் செருகியாயிற்று, நீவியாயிற்று. தையல் எங்கே தொடங்க வேண்டும் என்று அடையாளத்துக்கு எப்போதும் ஒரு வெள்ளை நூல் குத்திவைப்பார். வெள்ளை நூல்கண்டு தீர்ந்திருந்தது. ஊசியில் சிவப்பு கோத்துத் தயாராக இருந்தது. ஒண்ணுதானே, இதோ தைக்கத்தானே போகிறோம் என்று அடையாளத்தையும் சிவப்பிலேயே குத்தினார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். நாளைக்கு வெளியூர் போகிற யாருக்கோ சில்லு மாறிப்போய்விட்டது, உடனே வர வேண்டுமாம். போனார். திரும்பியபோது கண் இரண்டும் எரிந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் அவர் பால் வாங்கக் கீழே போயிருந்த பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை வந்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வீட்டுச் சாவியும் இரண்டு வீட்டிலும் உண்டு. மேசையில் கயிறு இல்லை. 'கதவு பூட்டியிருந்தது' என்று அச்சடித்த தபால் சீட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, நூல்கண்டுக்கு அடியில் செருகியிருந்தது. படித்ததும் பால் பாக்கெட்டைப் போட்ட இடம்கூடத் தெரியாமல் ஓடினார். போன் அடித்தார், எடுக்கவில்லை. பூங்காவுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் போய்க் கயிறு போட்டுவைப்பது மாப்பிள்ளைதான், அன்றும் தனியாகத்தான் ஏறியிருந்தார். இவர் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். இடுப்பு வாரில் கொக்கி மூடியபடியே இருந்தது. அதில் வளையம் இல்லை. கயிறு வெறும் முனையோடு கிளையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். "இந்தக் கயிறு நீங்க பின்னினதா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"இல்ல சார். இது புதுசு. நான் இன்னும் கை வைக்கல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாவி, அந்த ஒரு வாக்கியத்தை அப்போதே திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. முடிச்சுச் சரியாகப் போடாததால் அவிழ்ந்துவிட்டது, வேறு யார் பேரிலும் தப்பில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். கயிற்றைப் பையில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். பின்னுகிறவரே சொல்லிவிட்டார் என்று கூட்டத்தில் இருந்தவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

விஷயம் அதோடு போயிருந்தால், அவர் பாவம் அவரோடு என்று விட்டுவிடலாம். ஆனால் தங்கை இருக்கிறாளே! அன்று காலையில் அவளுக்கும் புருஷனுக்கும் ஒரு சண்டை. பெரிய சண்டை இல்லை, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, மூன்று வாரமாகச் சரி செய்கிறேன் சரி செய்கிறேன் என்கிறாரே தவிரச் செய்யவில்லை. அந்தக் குழாயை வைத்து அவள் பிடிபிடி என்று பிடித்திருக்கிறாள். அவர் கயிற்றுப் பையைத் தூக்கவும் ஆத்திரத்தில், "போய்த் தொலைங்க! அந்த மரத்துலயே இருந்துக்குங்க, வராதீங்க!" என்று கத்திவிட்டாள். புருஷன் பெண்டாட்டி ஆயிரம் பேசுவார்கள், சாயங்காலம் மறந்துவிடுவார்கள். இவளுக்கு அந்தச் சாயங்காலம் வரவே இல்லை.

"கோபத்தோட அனுப்பிட்டேன். மனசு சரியில்லாமத்தான் முடிச்சை விட்டுட்டாரு. என் வாய்தான் அவரைக் கொன்னுடுச்சு" என்று பதினைந்தாம் நாள் அண்ணனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வாயைக் கிட்டத்தட்ட மூடியேவிட்டாள். சாப்பாடு எடுத்துக்கொண்டு கீழே வருவாள், எதிரில் உட்காருவாள். "போதுமா?" "ம்." "உப்பு?" "சரியா இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. ரேடியோ என்று கூப்பிட அண்ணனுக்கும் நாக்கு எழவில்லை. குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பாள். அது பாட்டுக்கு ஒழுகி ஒழுகி அண்ணன் வீட்டுக் கூரையில் தட்டு அளவு ஈரம் படர்ந்து, பிறகு முறம் அளவாயிற்று. படுக்கையில் மல்லாந்து படுத்தால் அதுதான் கண்ணில் படும். அவளுக்கு உண்மையைச் சொன்னால் அவள் மீண்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் இந்த உலகத்தில் அவருக்கென்று இருக்கிற ஒரே ஒருத்தி போய்விடுவாள் என்பதும் தெரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது மாதம் ஓட்டினார்.

பத்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முத்திரை போட்ட பையைக் கையில் தூக்கிக்கொண்டு தங்கை வந்தாள்.

"ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "பிரிச்சுப் பாரு."

"இதுல பார்க்க என்ன இருக்கு? உள்ள வச்சிடு."

"கயித்துல தடம் இருக்கும், மடிப்பு இருக்கும், பார்த்தாலே கண்டுபிடிச்சுடலாம்னு நீதானே சொல்லுவ? அவசரத்துல போட்ட முடிச்சா, நிதானமாப் போட்டதா. அதை மட்டும் சொல்லு அண்ணா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஒன்பது மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் பையைக் கிழித்தார். கயிறு சுருளாக விழுந்தது. முனையைத் தேடிப் பிடித்தார். எலிவால் மாதிரி மெலிந்து, ஒவ்வோர் இழையும் அவர் கத்தரித்த இடத்திலேயே கத்தரித்தபடி இருந்தது. வாலிலிருந்து ஒரு சாண் தள்ளி, நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் சூட்டுக் கத்தி பழுத்துக்கொண்டிருந்தது. வேறொரு கயிற்றின் முனையைச் சுட்டு ஒட்டுவதற்காக அப்போதுதான் போட்டு வைத்திருந்தார். இரண்டு சாண் அறுத்துவிட்டால் போதும். முனை சிலும்பியிருக்கிறது, சுட்டுவிடுகிறேன் என்றால் அவள் என்ன கண்டாள்? கை கத்திப்பக்கம் போகவும் போயிற்று. அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையைப் பார்க்கவில்லை.

அறுக்கவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை! மனுஷ புத்தியைப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் சந்து தேடியது.

"நிதானமாப் போட்ட முடிச்சுதான்" என்றார். "தடம் நல்லாவே தெரியுது. புதுக் கயிறு, வழுக்கிடுச்சு. அவர் மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல."

அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள்.

"எனக்காகச் சொல்ற."

"சத்தியமா இல்ல."

"எனக்குத் தெரியும் அண்ணா. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நீயாவது உள்ளதைச் சொல்லுவேன்னு வந்தேன்." எழுந்துகொண்டாள். "பரவாயில்ல. நான் சொன்ன சொல்லை நான்தானே சுமக்கணும்."

அவள் கதவுவரைக்கும் போய்விட்டாள். போகிற முதுகைப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் அந்த முதுகு எப்படிக் கூனிவிட்டது! இன்னும் எத்தனை நல்ல பொய் சொன்னாலும் இவள் நம்பப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"ரேடியோ" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பினாள். அவர் இழுப்பறையைத் திறந்து, கண்ணாடிச் சில்லு போட்டுக் கொடுக்கிற காகித உறை ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்த சீட்டை உருவியதும் அவளுக்குப் புருஷனின் கையெழுத்து தெரிந்துவிட்டது. சுவரில் கைவைத்துக்கொண்டாள்.

'மச்சான், சிவப்பு தெரிஞ்சுது, கயித்தை எடுத்துட்டுப் போறேன். உங்க தங்கச்சி இன்னைக்கு ஃபுல் வால்யூம், படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்! வர்ற வழியில குழாய்க்கு வாஷர் வாங்கிட்டு வந்துடுறேன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.'

முதலில் ஒரு தடவை படித்தாள், பிறகு உதடு அசைய இன்னொரு தடவை படித்தாள்.

"எப்ப எழுதினது இது?"

"அன்னைக்குக் காலையில."

"சிவப்புன்னா... நீ பின்னினதா அது? கை வைக்கலைன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன். நான்தான் பின்னினேன். பன்னிரண்டு தையல் போடணும், ஒண்ணுதான் போட்டிருந்தேன், அதுவும் அடையாளத்துக்கு. வெள்ளை நூல் இல்லைன்னு சிவப்புல போட்டுட்டேன். அவர் சிவப்பைப் பார்த்தாரு, நம்பினாரு. கொக்கியில ஒழுங்காத்தான் மாட்டினாரு. முடிச்சே போடல, அவிழறதுக்கு. என் பின்னல்தான் விட்டுடுச்சு." கயிற்றின் முனையைத் தூக்கி அந்தச் சிவப்பு நூலைக் காட்டினார்.

"அப்போ அவருக்குக் கோபம் இல்லையா?"

"கோபமா? சிரிச்சுக்கிட்டேதான் போயிருக்காரு. எழுதியிருக்கிறதைப் பாரேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சீட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "வாஷர் வாங்கிட்டு வரேன்னாராமே, வாஷர் வாங்கிட்டு வரேன்னாராமே" என்று ஓவென்று கதறினாள். அண்ணனுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டார்.

"தொடாதே."

கையை எடுத்துக்கொண்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குரல் உடைந்திருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது.

"தையல் விட்டுப்போச்சு. சரி, மறதி. யாருக்கும் வரும். அதை என்னைக்காவது ஒரு நாள் நான் மன்னிச்சாலும் மன்னிப்பேன். ஆனா ஒம்பது மாசம் என் எதிர்லயே உக்காந்து, நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு, நான் என்னையே அணு அணுவாக் கொன்னுக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருந்தியே. இந்தச் சீட்டு இந்த இழுப்பறையில இருந்துச்சே! அவர் எனக்குச் சொல்லச் சொன்னதுடா இது. எனக்கு வந்த தபால். அதைக்கூடக் கொடுக்காம வச்சிக்கிட்டியே!"

"போயிடுவியோன்னு பயம்" என்று மட்டும் சொன்னார். அவள் சீட்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். அதன்பேரில் என்ன செய்வார்களோ, எழுதிக் கூப்பிடுவார்களாம். மரம் ஏறுகிற கூட்டத்திலும் போய்ச் சொன்னார். அவர்கள் திட்டவில்லை. ஒவ்வொருவராக அவர் பின்னிய கயிற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அவரே சூட்டுக் கத்தியால் எல்லாக் கண்ணையும் அறுத்துப்போட்டார். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சிவப்புத் தையல் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

சாப்பாடு வருவது நின்றுபோயிற்று. படியில் எதிர்ப்பட்டால் தங்கை சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒரு மாதம் அப்படியே போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது மேலேயிருந்து சத்தம் கேட்டது. அவருக்குக் காதை நம்ப முடியவில்லை.

"இதுக்குப் பேர் வேலையா? ஒரு வாஷர் மாத்த ஒரு மணி நேரம்! அந்தப் பக்கம் திருகுய்யா, அந்தப் பக்கம்! குழாயைத் திருகச் சொன்னா என் உயிரைத் திருகுற? தரையெல்லாம் சேறு, இதை உன் வீட்டுப் பொம்பளையா வந்து துடைப்பா? சிரிக்காதே, சிரிச்சா மட்டும் ஒழுகுறது நின்னுடுமா?"

ஃபுல் வால்யூம். அவர் ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றார். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. அவள் குழாய்க்காரரிடமிருந்து குழாய்க்குப் போய், குழாயிலிருந்து கட்டடத்துக்குப் போய், அங்கிருந்து விலைவாசிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் குழாய்க்காரர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தார். பின்னாலேயே அவள் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, "நாளைக்கு ஒரு சொட்டு விழட்டும், வீடு தேடி வந்து..." என்று ஆரம்பித்தாள். கீழே நின்ற அண்ணன் கண்ணில் பட்டார். அவள் வாய் அந்த இடத்திலேயே நின்றது. ஒரு நொடி பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்பப்பா! என்னா வாய் சார் அந்தம்மாவுக்கு!" என்று குழாய்க்காரர் நெற்றியைத் துடைத்தார். "மூச்சு விடாம பேசுறாங்க."

"முந்தி இதைவிடப் பேசுவா" என்றார் கண்ணாடிக்காரர்.

குழாய்க்காரர் அவருடைய முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குச் சொந்தமா சார்?"

அவர் மேலே சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"கீழ் வீடு" என்றார்.